வாயில் நான்கு ஸ்க்ரூ

மூன்று மணிக்குக் கல்லூரியில் பந்தயம். என் ரிமோட் காரில், சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியலில் பல்சக்கரங்கள் கவ்வாமல் வழுக்கின. மோட்டார் கத்தியது, கார் நகரவில்லை. வேலப்பன்சாவடியில் இருந்த ஆட்டோ மெக்கானிக்கிடம் ஓடினேன்.

நரைத்த மீசைக்காரர். கழற்றிய நான்கு ஸ்க்ரூவையும் உதட்டில் கவ்விக்கொண்டு, கூல்டிரிங்க்ஸ் டின்னை வளையமாக வெட்டி, பற்கள் நெருங்கிக் கவ்வும்படி பல்சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார்.

"மூணு மணிக்குள்ள ஓடிடுமாண்ணா?" பத்து முறை கேட்டிருப்பேன்.

பதில் சொல்ல வாயெடுத்தவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். மீதியைத் துப்பி எண்ணினார்.

"மூணுதான் கீது. ஒண்ணு உள்ள போய்ட்ச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணா."

"நீ ரேஸுக்குப் போ நைனா, லேட்டாவுது." கடை ரேடியோவிலிருந்து ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி காரில் பூட்டினார்.

கார் ஒழுங்காகவே ஓடியது. பந்தயம் முடிந்ததும் அவருக்குப் போன் செய்தேன்.

"நல்லாருக்கீங்களாண்ணா?"

"ம்ம்" என்றார், உதட்டைத் திறக்காமல்.

திரும்பவும் வாயில் ஸ்க்ரூ. இன்னொரு கேள்வி கேட்கப் பயந்து போனை வைத்துவிட்டேன்.