பழசு இருந்தால் எடுத்து வாருங்கள்

தபால்தலை சேகரிக்கிறேன் என்று இந்த ஊரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். குழந்தை தத்தித் தத்தி நடக்கும்போது பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அடுத்து ஒரு கேள்வி: "இதெல்லாம் இப்ப என்ன விலைக்குப் போகும்?" அமெரிக்காவில் இந்த டப்ளினில் நான் குடியிருக்கும் இத்தனை வருஷத்தில் இதைக் கேட்காத தமிழரை நான் பார்த்ததில்லை. வீடு வாங்கினாலும் அதுதான் கேள்வி, நாய் வாங்கினாலும் அதுதான். பிள்ளையை வயலின் வகுப்பில் சேர்த்தால்கூட, காலேஜ் அப்ளிகேஷனில் அது எவ்வளவு எடுபடும் என்று விசாரிப்பார்கள். ஒரு பொருளைப் பார்த்துச் சும்மா சந்தோஷப்படத் தெரியாத ஜனம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விட்டுவிடுவேன்.

என் வீட்டுக்காரரும் அந்த மந்தைதான். நான் ஆல்பத்தைத் திறந்தால், "ஆரம்பிச்சுட்டியா உன் ஒட்டுத்தாள் வேலைய?" என்பார். அவர் நாள் முழுக்கப் பங்குச் சந்தையில் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். அது வேலையாம், இது வெட்டிவேலையாம்.

இதில் என்ன இருக்கிறது என்கிறவர்களுக்குச் சொல்கிறேன். உறையிலிருந்து தபால்தலையைச் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு வெட்டி, அகலத் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மிதக்க விட வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் போச்சு. காத்திருந்தால் பசை இளகி, தலை தானாகவே காகிதத்தை விட்டு வழுக்கிக்கொண்டு வரும். அந்த நொடி இருக்கிறதே, அதற்காகத்தான் எல்லாம். பிறகு இடுக்கியால் எடுத்து, முகம் கீழே பார்க்கப் பேப்பர் டவலில் பரப்பி, மேலே இன்னொன்றால் மூடி, அதன் மேல் சோனா மசூரி அரிசி மூட்டையைத் தூக்கி வைத்துவிடுவேன். அதற்கென்று விற்கிற இரும்புப் பலகையெல்லாம் தண்டம். அரிசி மூட்டை கொடுக்கிற அழுத்தம் வேறெதுவும் கொடுக்காது.

இப்போது அமெரிக்காவில் வருகிறதே, அதை நான் தபால்தலை என்றே சேர்ப்பதில்லை. அது ஸ்டிக்கர். நாக்கில் வைத்து ஈரமாக்கவும் வேண்டாம், தண்ணீரில் போட்டால் கழன்று வரவும் செய்யாது, முரண்டு பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். முத்திரை படாத புதுத் தலைகளை மட்டும் வாங்கிப் பிளாஸ்டிக்குக்குள் பூட்டி வைக்கிற கூட்டம் ஒன்று உண்டு. முதலீடாம். ஒரு ஊருக்கும் போகாத தபால்தலை, ஒரு கல்யாணத்துக்கும் கட்டாத பட்டுப்புடவை மாதிரி. எனக்கு ஓங்கிக் குத்திய கறுப்பு முத்திரை வேண்டும். அது பாதி அழிந்து, எந்த ஊர் என்று நான் எழுத்துக் கூட்டிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரே ஒரு குறை. எதிரில் உட்கார்ந்து, "இதைப் பாரு" என்று நீட்டினால் நிஜமாகவே பார்க்கிற ஆள் ஒருத்தர்கூட எனக்கு இல்லை. பக்கத்து ஊரில் வெள்ளைக்காரர்களின் தபால்தலைச் சங்கம் ஒன்று இருக்கிறது, போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்கள். ஆனால் எனக்கு ஆங்கிலத்தில் வேலை பார்க்க வரும், வம்படிக்க வராது. ஒரு நல்ல தலையைக் கிழித்து வைத்திருப்பவனைத் திட்ட எனக்குத் தமிழ் வேண்டும்.

அதனால் எங்கள் வட்டாரத் தமிழ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு அறிவிப்புப் போட்டேன். "சனிக்கிழமை மூணு மணி, லைப்ரரி மீட்டிங் ரூம். ஸ்டாம்ப் விஷயத்தில் அனுபவம் இருக்கிறவங்க, ஆர்வம் இருக்கிறவங்க எல்லாரும் வாங்க. பழசு இருந்தா எடுத்துட்டு வாங்க." அவ்வளவுதான் எழுதினேன். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். போனால் அறை நிறைய ஆட்கள். எனக்கு ஒரு நிமிஷம் கண் கலங்கிவிட்டது.

பிறகுதான் கவனித்தேன், ஒருத்தர் கையிலும் ஆல்பம் இல்லை. எல்லார் கையிலும் ஃபைல். பழசு என்று நான் எழுதியதற்குப் பழைய பாஸ்போர்ட்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி எடுத்து வந்திருந்தார்கள். முன் நாற்காலியில் இருந்தவர் எழுந்து, "மேடம், ஸ்டாம்பிங் போறப்ப இன்டர்வியூ கட்டாயமா? மெக்சிகோ போய் வாங்கலாம்னு சொல்றாங்களே?" என்றார்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஸ்டாம்ப் என்றால் விசா. வேலை விசாவில் இருப்பவர் இங்கேயே கிடக்கும்வரை நீட்டிப்புக் காகிதம் போதும். ஊருக்கு ஒரு தடவை போய்விட்டால், திரும்பி வரப் பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டி வாங்க வேண்டும். அதுதான் ஸ்டாம்பிங். அதற்குத் தேதி கிடைக்காது. கிடைத்தாலும் தள்ளிப் போகும். போய் மாட்டிக்கொண்டு வேலையைத் தொலைத்தவர்கள் கதையை ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும் பேப்பர் பிளேட்டில் பிரியாணியோடு சேர்த்துப் பரிமாறுவார்கள். கேட்டுக் கேட்டு, ஊர்ப் பக்கமே தலை வைத்துப் படுக்காத குடும்பங்கள் இங்கே தெருவுக்கு நாலு.

"இது தபால்தலைக் கூட்டம்ங்க," என்றேன்.

குரூப் அட்மின் அங்கே இருந்தார், எல்லா விஷயத்திலும் புத்தி சொல்கிற மனிதர். "அப்ப அதைத் தெளிவா போட்டிருக்கணும்ங்க. எல்லாருக்கும் டைம் வேஸ்ட்," என்றார்.

"ஸ்டாம்ப்னா ஸ்டாம்ப்தான். உங்க புத்தி விசாவைத் தாண்டிப் போகாததுக்கு நானா பொறுப்பு?"

முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் கிளம்பினார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை. ஏறக்குறைய என் வயதுதான், தோளில் லேப்டாப் பை, கையில் அதே ஃபைல். மேஜை மேல் நான் பரப்பி வைத்திருந்ததைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது கோணலா இருக்கேக்கா," என்றாள். பல வருஷமாக என்னிடமே இருக்கிற தலை. படம் அச்சில் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது. நான் கண்டதே இல்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"பதினாறு வருஷமா சாஃப்ட்வேர் டெஸ்டிங். தப்பு இருந்தா கண்ணு நேரா அங்கதான் போகும். நல்லா இருக்கிறது எதுவும் எனக்குத் தெரியாது."

அவளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அதே மேஜை. அழகான தலை எதையும் அவள் சீண்டமாட்டாள். ஓரத்து ஓட்டை மாறி விழுந்தது, மை சிந்தியது, முத்திரை இரண்டு தடவை குத்தியது, இதையெல்லாம் பொறுக்கித் தனியே வைப்பாள். எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. நல்ல தலைகளின் பக்கம் அவளைத் திருப்பப் பார்த்தேன். "போக்கா, அதெல்லாம் பாஸ் ஆயிடுச்சு, அதுல பாக்க என்ன இருக்கு?" என்று தள்ளிவிட்டாள். சண்டை போடுவோம், பிறகு ஊரில் இருக்கிற ஒவ்வொருத்தரையும் இழுத்து வைத்துக் கிழிப்போம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த மத்தியானங்கள் குறைவு.

அவள் ஏன் அந்த ஃபைலோடு வந்தாள் என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. அப்பா நாகர்கோவில் பக்கம், அண்ணன் வீட்டில். பக்கவாதம் வந்து பேச்சு குழறிவிட்டது. இவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. கிரீன் கார்டு வரிசையில் நின்று நின்று கால் மரத்துப்போன குடும்பம். இவள் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அனுமதியும் இவள் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது. இவள் போய் மாட்டிக்கொண்டால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டும். மகன் ஹைஸ்கூல். அவனுக்குத் தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும்.

கேட்ட இடத்திலெல்லாம் போகாதே என்றார்கள். அட்மின் ஒரு படி மேலே போய், "அதான் வீடியோ கால் இருக்கேம்மா, தினம் பாக்கலாமே," என்று சமாதானம் சொன்னாராம். அண்ணன் போனைப் பிடிக்கும்போது அப்பா கேமராவைப் பார்ப்பதில்லை, மேலே ஓடுகிற ஃபேனைத்தான் பார்க்கிறார் என்று அவள் என்னிடம் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டாள். "போகட்டுமாக்கா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? போ."

"ஸ்டாம்பிங்?"

"கெடக்குது ஸ்டாம்பிங். பெத்த அப்பனைப் பாக்கப் போறதுக்குக் குரூப்ல ஓட்டெடுப்பு நடத்துற ஜனங்க பேச்சையா கேட்டுட்டிருக்கே?"

வீட்டில் இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. உனக்கென்ன, நீ சிட்டிசன். நீ போன்னு சொல்லிட்டு ராத்திரி நிம்மதியா தூங்குவே." எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. ஒரு நாளாவது தபால்தலையைப் பார்த்திருப்பாரா, மனிதரைப் பற்றிப் பேச வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அவள் போனாள். அப்பா அவளை அடையாளம் கண்டுகொண்டார். கட்டை விரலைப் பிடித்தவர் விடவே இல்லை என்று போனில் சொன்னாள். மூன்று வாரம் உயிரோடு இருந்தார். கடைசி வாய்க் கஞ்சி இவள் கையால்தான்.

பிறகு அந்த ஸ்டாம்பிங். இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, காத்திருக்கவும் என்ற ஒரே பதில்தான் வந்துகொண்டிருந்தது. கம்பெனி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தது, பிறகு கைவிட்டது. பள்ளி வருஷம் முடியட்டும் என்று மகனையும் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்காரர் ஒண்டியாக ஓட்டினார். வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டார்கள்.

மளிகைக் கடையில் நான் முருங்கைக்காய் பொறுக்கினால் பக்கத்தில் பேச்சு நின்றுவிடும். அட்மின் குரூப்பில் எழுதினார்: "ஃப்ரெண்ட்ஸ், அனுபவம் இல்லாதவங்க பேச்சைக் கேட்டு யாரும் டிராவல் பண்ணாதீங்க, குடும்பமே பாதிக்கும்." கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அதில் பாதிப் பேர் சொந்தத் தாய் தகப்பன் காரியத்தையே லேப்டாப்பில் பார்த்தவர்கள். நன்றாகக் கேட்டு எழுதிவிட்டு, நானே குரூப்பை விட்டு வெளியே வந்தேன்.

போன மாதம் அவள் வீட்டுக்காரர் என் வாசலில் வந்து நின்றார். கையில் கறிவேப்பிலைத் தொட்டி. இங்கிருந்து காலி செய்து போகிறவர்கள் கடைசியாகக் கொடுத்துவிட்டுப் போவது அதைத்தான். "உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொன்னா," என்றார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

"ஒண்ணு கேக்கணும்ங்க. அவ கேட்டப்ப, யோசிச்சு சொல்றேன்னாவது நீங்க சொல்லியிருக்கலாம் இல்ல?"

"யோசிச்சிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"இவ போனதால அவங்க அப்பா பிழைக்கலை. போகாம இருந்திருந்தாலும் அவர் போயிருப்பார். நாங்க மூணு பேரும் இங்க இருந்திருப்போம்."

குரலை உயர்த்தாமல் சொன்னார். இந்த மாதிரி பேச்சுக்கு என்னிடம் எப்போதும் பதில் தயாராக இருக்கும். ஆனால் இவரை அந்த மந்தையில் சேர்க்க எனக்கு வாய் வரவில்லை.

"எப்படி இருக்கா?" என்றேன்.

அவர் தொட்டியில் மண்ணை விரலால் அழுத்திவிட்டார். "நல்லா இருக்கா. அவங்க அப்பா நடந்த ரோட்டுல தினம் காலைல நடக்கப் போறாளாம். போஸ்ட் ஆபீஸ்ல போய் உக்காந்து ஸ்டாம்ப் விக்கிற அம்மாவோட அரட்டையாம். போன் பண்ணா சிரிக்கிறா. கல்யாணமானதுலருந்து நான் கேட்காத சிரிப்பு." காரைப் பார்த்துத் திரும்பினார். "அவ அழுதா எனக்கு இவ்வளவு கோவம் வராதுங்க."

கார் தெருமுனை திரும்பும்வரை தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அவள்மேல் கோபம் வந்தது. அத்தனை சனிக்கிழமை என் எதிரில் உட்கார்ந்து ஊரையே கிழித்தவள், ஒரு நாள்கூட அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.