பால் போத்தல் தோட்டம்

சின்ன வயதில் எனக்கு ஓட்டை வாய். வீட்டில் எதைப் பேசினாலும் மறுநாள் அது பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். அதனால்தான் சித்தப்பா எங்களோடு வந்து இருக்கத் தொடங்கிய நாளில் அப்பா என்னைக் கதிரையில் இருத்தி, யார் கேட்டாலும் இந்த வீட்டில் நாலு பேர்தான் என்று சொல்லவேண்டும் எனப் பத்துத் தரமாவது சொல்லித் தந்தார். அப்பா, அம்மா, நான், தம்பி. ஆசிரியை ஒருமுறை கேட்டபோது நாலு என்று சரியாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அதற்கு ஒரு சொக்கலேற்றும் வாங்கிக்கொண்டேன்.

சித்தப்பாவின் அகதி விண்ணப்பம் இரண்டாம் தரமும் நிராகரிக்கப்பட்டிருந்தது. குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், இருந்த அறையை விட்டு லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் முன்கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை. கடைக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை. அவருக்கென்று மிஞ்சியது எங்கள் பின்வளவு மட்டும்தான். அங்கேயிருந்த புல்லைக் கொத்திக் கத்தரி, மிளகாய், வெண்டி என்று நட்டார். உடுப்புக் காயப்போட இடமில்லை என்று அம்மா கொஞ்ச நாள் முணுமுணுத்தார். முதல் கத்தரிக்காய் வந்ததும் முணுமுணுப்பு நின்றது.

அந்தக் கோடையில் லண்டன் மழையை மறந்துவிட்டது. ஹோஸ் பைப்பால் தண்ணீர் விடக்கூடாது என்று தடை போட்டார்கள். தெருவில் புல்லெல்லாம் சாக்கு நிறத்துக்கு வந்தது, ரோசாக்கள் கருகி நின்றன. எங்கள் கத்தரி மட்டும் வஞ்சகமில்லாமல் வளர்ந்தது. சித்தப்பா பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. வெறும் பிளாஸ்டிக் பால் போத்தல்களின் அடியில் ஊசியால் ஓட்டை போட்டு, ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் கழுத்து மட்டும் தெரியப் புதைத்திருந்தார். அதற்குள் ஊற்றும் தண்ணீர் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாய் வேருக்குப் போகும். வெயிலுக்கு ஒரு சொட்டும் கிடைக்காது. குளிக்கும்போது பாத்டப்பை அடைத்துவிட்டுத்தான் குளிக்கவேண்டும். அந்தத் தண்ணீரையும் அம்மா அரிசி கழுவிய தண்ணீரையும் வாளியில் கொண்டுபோய் ஊற்றுவது என் வேலை.

எங்கள் வளவின் பச்சை யாருடைய கண்ணையோ உறுத்தியிருக்கிறது. ஒரு பின்னேரம் நான் போத்தல்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது, எங்கள் வளவின் பக்கவாட்டுப் படலைக்கு மேலால் ஒருவர் எட்டிப் பார்த்தார். தண்ணீர்க் கம்பனியில் இருந்து வருகிறாராம். நாங்கள் களவாக ஹோஸ் பைப் பிடிப்பதாகப் புகார் வந்திருக்கிறதாம். அப்பா வேலையில், அம்மா தம்பியோடு கடையில். சித்தப்பா மேலே அறையில் மூச்சுக் காட்டாமல் இருந்தார்.

எங்களைக் கள்ளர் என்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. படலையைத் திறந்துவிட்டு, ஒரு போத்தலைக் கிளப்பிக் காட்டினேன். அவர் குந்தியிருந்து, மண்ணைத் தொட்டுப் பார்த்து, யார் இதைச் செய்தது என்று கேட்டார். என் சித்தப்பா என்றேன். பெயர் கேட்டார். சொன்னேன். அந்த நீளப் பெயரை அவர் பிழையாக எழுதியதைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாய்ச் சொல்லித் திருத்தியும் கொடுத்தேன். அவர் சிரித்தபடி போனார்.

மேலே ஓடிப்போய் எல்லாவற்றையும் சித்தப்பாவிடம் சொன்னேன்.

"பேரும் சொன்னனியோ?"

"ஓம். முழுப் பேரும்."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கட்டிலுக்குக் கீழே இருந்த பையை எடுத்துத் தன் உடுப்புகளை மடிக்கத் தொடங்கினார்.

அப்பா வந்து தடுத்துப் பார்த்தார். "வந்தவன் தண்ணிக்காரனடா. இமிகிரேஷன் இல்லை. எங்கை போகப் போறாய்?"

"எல்லாருக்கும் ஒரே கொம்பியூட்டர்தானே அண்ணை. இஞ்சை வந்து பிடிச்சால் உங்களுக்கும் கரைச்சல்."

லூயிஷாம் பக்கம் ஒரு சிநேகிதரின் கடைக்கு மேலே அறை இருந்தது. இருப்பதென்றால் கடையில் நிற்கவும் வேண்டும். வெளியில் வெயில் இன்னும் மங்கவில்லை. வாசலில் குனிந்து என் தலையைத் தடவி, "வெண்டிக்குத் தண்ணி விட மறந்திடாதை" என்றார்.

போத்தல் வித்தையை நான் காட்டிக் கொடுத்ததுதான் அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். அந்தக் குற்றத்துக்காக ஒரு நாளும் தவறாமல் தண்ணீர் விட்டேன்.

அவர் போய் மூன்றாம் கிழமை இமிகிரேஷன்காரர் அந்தக் கடையைச் சோதிக்க வந்தார்கள். கல்லாவில் நின்றவர் சித்தப்பா. அவர்கள் தேடி வந்தது வேறு யாரையோ என்று சிநேகிதர் பிறகு சொன்னார். மார்கழியில் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். விமானம் கொழும்பில் இறங்கியது வரைக்கும்தான் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் எத்தனையோ பேரிடம் கேட்டும் இன்றுவரை தெரியாது. எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒருவரும் தேடி வரவில்லை.

அவர் பிடிபட்டு நாலைந்து நாளில், எனக்கு அதை ஒருவரும் சொல்லியிராத நேரம், ஒரு கடிதம் வந்தது. உறையில் சித்தப்பாவின் பெயர், நான் திருத்திக் கொடுத்தபடியே ஓர் எழுத்தும் பிசகாமல். அப்பா படியிலேயே இருந்து அதைப் படித்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். கீழே விழுந்ததை எடுத்து நான் படித்தேன். புகாரில் உண்மை இல்லையாம். தண்ணீரை இவ்வளவு சிக்கனமாகப் பாவிக்கும் தோட்டத்தைத் தாங்கள் கண்டதில்லையாம். சித்தப்பாவுக்கு நன்றியாம்.

எனக்குச் சந்தோசம் பொறுக்கவில்லை. இதைக் கண்டால் அவருடைய கோபம் போய்விடும். வந்ததும் கொடுக்கலாம் என்று மடித்து, அவர் கத்தரி விதை போட்டுவைத்த தயிர்ப் பேணிக்குள் பத்திரப்படுத்தினேன். பிறகு படியில் இருந்த அப்பாவை விலத்திக்கொண்டு, வாளியோடு வெண்டிக்குத் தண்ணீர் விடப் போனேன்.