எஃகில் கேட்ட மணல்

என் அக்கா பிசியோதெரபிஸ்ட். தசை கிழிந்தவர்களும் சதை பிடித்துக்கொண்டவர்களும் அவளிடம் வருவார்கள். பிறை வடிவில் ஓர் எஃகுத் தகடு வைத்திருந்தாள். தோலில் களிம்பு தடவி அதை இழுத்தால், உள்ளே தழும்பேறிய இடத்தில் மணல்மேல் போவதுபோல் நரநரக்கும். விரலுக்குத் தெரியாதது எஃகுக்குத் தெரியும் என்பாள்.

விடுமுறைக்குப் போயிருந்தபோது அவளுடைய கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். தோளில் அடிபட்ட பஸ் டிரைவர் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார்.

"டாக்டரம்மா, வலி தோளுக்கு முன்னாடி. நீங்க என்னடான்னா வர்றப்பல்லாம் முதுகுலயே சுரண்டறீங்க. வண்டி ரிவர்ஸ்லயே போகுதே!"

"பேசாம படுங்கண்ணே. இங்கதான் முடிச்சு இருக்கு."

"என் முதுகு எனக்குத் தெரியாதா?"

அவர் சட்டை மாட்டும்போது பார்த்தேன். இடது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. அக்காவும் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அது அத்தானின் இடம். வேலை முடிந்து வந்ததும் தரையில் குப்புற விழுந்து, அக்கா தகட்டை இழுக்க, "அங்கதான், அங்கேயேதான்" என்று முனகுவார். போன வருஷம் போய்ச் சேர்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கதவைச் சாத்தினாள். "படுடி. உனக்கு அங்க வலி உண்டா?"

"எனக்கா? கிடையவே கிடையாது."

"அப்ப எஃகுல ஒரு சத்தமும் கேக்கக் கூடாது. கேட்டுச்சுன்னா கோளாறு என் கையிலதான். அப்புறம் எந்தத் தைரியத்துல இதை எடுத்துட்டு இன்னொருத்தரைத் தொடுவேன்?"

எஃகு சில்லென்று முதுகில் இறங்கியது. அந்த இடம் வந்ததும் நின்றது. மேலே போய்த் திரும்பி வந்து, மறுபடியும் அங்கேயே நின்றது.

"இருக்குடி," என்றாள் மெல்ல. "அவரோடது மாதிரியே."

நான் எழுந்து முதுகை மூடிக்கொண்டேன்.

அடுத்த முறை டிரைவர் வந்தபோது, தகட்டைக் களிம்பு டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டு வெறுங்கையோடு போனாள். "நீங்களே விரலை வச்சுக் காட்டுங்கண்ணே." காட்டினார். கட்டைவிரலால் அழுத்தினாள்.

"அடடா! இப்பதான் வண்டி ஸ்டாப்ல நின்னுச்சு," என்றார் அவர்.

நான் விமானமேறித் திரும்பி வந்துவிட்டேன். அக்கா போனில் எல்லாம் பேசி முடித்தபின் கேட்பாள்: "அங்க வலிக்குதாடி?"

"இல்லக்கா."

வலிக்கிறது என்றால் தகட்டை மறுபடி கையில் எடுத்துவிடுவாள். போனை வைக்கிறேன். நாற்காலியில் சாய முடியவில்லை.