காலை ஐந்து பத்துக்குக் கேட்ட கேள்வி

என் மாமனாரின் கணினி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நானாகத் தேடிப் போய்த்தான் ஏற்படுத்திக்கொண்டேன்.

மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, சைனிக்புரியில் வீடு கட்டி இருப்பவர் அவர். பூர்வீகம் திருநெல்வேலி. அந்த ஊர்த் தமிழை ஹைதராபாத்தில் இத்தனை வருடமாக ஒரு கீறல் விழாமல் வைத்திருக்கிறார். கணினியில் அவருக்கு ஒரே வேலை, ஜாதகம் பார்ப்பது. அந்த மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். நான் குகட்பள்ளியில் இருந்து ஞாயிறுதோறும் அங்கே சாப்பிடப் போகிறவன். ஐ.டி.காரன் என்பதால் கணினியைப் பற்றித் தெரிந்தவன் என்று அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை. அலுவலகத்தில் நான் செய்வதெல்லாம் கூட்டங்களுக்கு நேரம் குறிப்பதும் அவற்றைத் தள்ளிவைப்பதும்தான். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு மதியம் மாமனார் தூங்கப் போன சமயம் பார்த்து, கணினியின் ஹார்ட் டிஸ்கில் பாதியை அளந்து வேலி போட்டு, லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தைக் குடிவைத்தேன். மறுபாதியில் விண்டோஸ் பழையபடி இருந்தது. வீட்டு இணையம் அந்த அறைக்கு எட்டாது. என் போனில் இருந்து கொடுத்து, புதிதாக வந்தவனை ஒருமுறை ஓடவிட்டும் பார்த்தேன். மாமனார் எழுந்து வந்ததும் பெருமையாகக் காட்டினேன். இனிமேல் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும், வேண்டியதைத் தொட வேண்டும், யாரும் தொடாவிட்டால் சற்றுப் பொறுத்துவிட்டு லினக்ஸ் தானாகத் திறந்துகொள்ளும்.

“ரெண்டாவது எதுக்கு மாப்ளே?”

“அது வேகமா ஓடும் மாமா.”

“அதுல ஜாதகம் ஓடுமா?”

“அது ஓடாது.”

“அப்போ வேகமா ஓடி அது எங்க போவுது?”



அடுத்த ஞாயிறு அந்த வீட்டில் ஒரு பெரிய விஷயம் இருந்தது. என் கொழுந்தியாள் தன்னோடு வேலை பார்க்கும் ஒரு தெலுங்குப் பையனைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். பதிவுத் திருமணம் வேண்டாம், அப்பா முன்னால் நிற்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். பொருத்தம் பார்க்கலாம் என்றால் பையன் பிறந்த நேரம் அவன் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ஆகவே பிரசன்னம் பார்ப்பது என்று முடிவாயிற்று. அதாவது, மனதில் கேள்வியை நினைத்துக்கொண்டு மென்பொருளில் ‘இப்போது’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அந்தக் கணத்துக் கிரக நிலையை வைத்து அது பலன் சொல்லும். ஆகும் என்றால் மாமனார் சம்மதம். ஆகாது என்றால் ஆகாது.

பையன் மதியம் சாப்பிட வருவதாக இருந்தது. மாமியார் காலையிலேயே சொதிக்குத் தேங்காய்ப் பால் பிழிய ஆரம்பித்துவிட்டார். எங்கள் பக்கம் கல்யாணமான புது மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து அது. கிரகங்கள் வாயைத் திறப்பதற்குள் அவர் தன் வாக்கை அடுப்பில் போட்டுவிட்டார்.

மாமனார் குளித்து, திருநீறு பூசி, விண்டோஸைத் திறந்து, கண்ணை மூடிப் பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு வரி வந்தது: ‘நினைத்த காரியம் கைகூடாது.’

கொழுந்தியாள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் திரையின் மூலையைப் பார்த்தேன். அங்கே மணி காலை ஐந்து பத்து.

போன ஞாயிறு நான் செய்த வேலையின் பலன் அது. வாயை மூடிக்கொண்டிருந்தால் கணினி நிபுணன் என்ற என் பெயர் பிழைக்கும், அந்தப் பெண்ணின் கல்யாணம் போகும். என் பெயரை எடைபோட்டுப் பார்த்தேன். அப்படியொன்றும் கனமில்லை.

“மாமா, உங்க வாட்ச்ல மணி என்ன?”

“பத்து நாப்பது. பசிக்கா?”

“கம்ப்யூட்டர்ல அஞ்சு பத்துன்னு இருக்கு.”

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மூலையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த அரைகுறையைச் சொன்னேன். லினக்ஸ் வந்த பிறகுதான் இப்படி, அது கிரீன்விச் நேரத்தைப் பழகியது, அதனால் ஐந்தரை மணி நேரம் பின்னால்.

“அப்போ எம் பிள்ளைக்குச் சீமை நேரத்துக்கா பலன் சொல்லியிருக்கு?”

கொழுந்தியாளுக்கு உயிர் வந்தது. “அப்போ இது செல்லாதுப்பா. திரும்பக் கேளுங்க.”

“ஒரு கேள்விய ரெண்டு தடவ கேக்கப்பிடாதுட்டி.”

“ரெண்டு தடவை நக்கோப்பா.” வேண்டாம் என்பதற்கு அவளுக்கு ஹைதராபாத் உருதுதான் முதலில் வரும். “அஞ்சு பத்துக்கு நீங்க கேக்கவே இல்லை, தூங்கிட்டு இருந்தீங்க.”

அடுக்களையில் இருந்து மாமியார் குரல் வந்தது. “கொறட்டைல்லா விட்டுக்கிட்டு இருந்திய. நான் சாட்சி.”

மாமனார் யோசித்தார். உள்ளே இருந்த தரக்கட்டுப்பாட்டு அதிகாரி மெல்ல எழுந்து வந்தார். “கருவி கோளாறுன்னா ரீடிங் ரத்து. சரிதான். ஆனா மொதல்ல கருவியச் சரி பண்ணணும். பண்ணுங்க மாப்ளே.”

மணியைக் கையால் திருத்தி வைத்தேன். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, நிக்குதான்னு பாப்போம்” என்றார். போனில் இருந்து இணையம் கொடுத்து, லினக்ஸில் நுழைந்து வைத்தியம் தேடி, ஏதேதோ அழுத்திவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினேன். கடிகாரம் மறுபடியும் விடியற்காலைக்கே போய் உட்கார்ந்திருந்தது. தரம் தேறாத சரக்கைப் பார்க்கிற மாதிரி மாமனார் பார்த்தார். கணினியை அல்ல.

அப்போதுதான் பையன் வந்தான், கையில் பழக்கூடையோடு. என்ன நடக்கிறதென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. “வணக்கம் அங்கிள்” என்றான். மாமனார் நலம்கூட விசாரிக்காமல், “ரெண்டு சிஸ்டம் போட்டா நேரம் ஏன் தம்பி மாறுது?” என்றார்.

பையன் பழக்கூடையை என் கையில் கொடுத்து, என்னைப் பக்கத்து ஸ்டூலுக்கு நகர்த்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். லினக்ஸுக்குப் போய் ஒரே ஒரு வரி தட்டினான், விண்டோஸில் மணியைத் திருத்தினான். “உள்ள இருக்கிற கடியாரம் ஒண்ணுதான் அங்கிள். விண்டோஸ்காரன் அதை லோக்கல் டைம்னு படிக்கிறான், லினக்ஸ்காரன் அதுல கிரீன்விச் டைம் எழுதுறான். இப்ப ரெண்டு பேரும் லோக்கல்” என்றான், கொழுந்தியாள் சொல்லிக்கொடுத்த தமிழில்.

மாமனார் நம்பவில்லை. அணைத்து, லினக்ஸைத் திறக்கச் சொன்னார். அணைத்து, விண்டோஸைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கைக்கடிகாரத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நேரம் பிசகவில்லை. “பாஸ்” என்றார்.

ஜாதக மென்பொருளைப் பையனே திறந்துவிட்டான். ‘இப்போது’ திரையில் காத்திருந்தது. கொழுந்தியாள் நாற்காலி முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவனோ எந்தக் கவலையும் இல்லாமல், “இந்த பட்டன் வேலை செய்யுதான்னு அமுக்கிப் பார்க்கவா அங்கிள்?” என்று மவுஸை நகர்த்தினான்.

மாமனார் சட்டென்று குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அது கெடக்கட்டும் மாப்ளே. சாப்பிட வாங்க.”

‘மாப்ளே’ என்றதும் பழக்கதோஷத்தில் பழக்கூடையோடு நான் எழுந்துவிட்டேன். அவர் பிடித்திருந்த கை என்னுடையதல்ல என்பது எழுந்த பிறகுதான் உறைத்தது. கொழுந்தியாளுக்கு அது எனக்கு முன்பே உறைத்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இலை எடுக்க உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.