சொல்லாமல் விட்ட மருந்து

ஸ்கந்தபுரத்தில் விமலேஸ்வரியைப் பற்றி யாரைக் கேட்டாலும் பொய் பேசாத மனுஷி என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேரே ஒரு நாள் அவளுக்குத் தூக்க முடியாத பாரமாகப் போனது.

வயது ஐம்பத்து மூன்று. கணவர் சண்டையின் கடைசி இடப்பெயர்வில் செத்துப்போனார். மகள் யதுர்ஷிகா கலியாணம் முடித்து வவுனியாவில் இருக்கிறாள். கூலிக்குக் கச்சான், அதாவது நிலக்கடலை, உடைத்துத் தன் சீவியத்தைப் பார்க்கிறவள் விமலேஸ்வரி. சண்டை முடிந்து அகதி முகாமில் இருந்த நாட்களில் கண்ணை மூடினால் ஷெல் சத்தந்தான் கேட்கும். அப்போது ஒரு பாஸ்டரம்மா பக்கத்தில் வந்திருந்து, கையைப் பிடித்துச் செபித்தா. பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நித்திரை வந்தது. அதிலிருந்து இயேசுவை அவள் விடவில்லை.

போன மாசியில் கச்சான் தோட்டத்தில் ஈச்சமுள் ஒன்று உள்ளங்காலில் ஏறிவிட்டது. அவள் சீனி வருத்தக்காரி, நீரிழிவில் கால் மரத்திருந்ததால் குத்தினது தெரியவில்லை. செருப்பு ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தபோதுதான் காயம் தெரிந்தது. கிளிநொச்சிக்குப் பஸ் ஏறி, ஒன்று விட்டு ஒரு நாள் போய், பன்னிரண்டு தரம் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டினாள். சபையிலும் வெள்ளிக்கிழமை உபவாச செபத்தில் அவளுடைய காலுக்காக அழுது செபித்தார்கள். சித்திரை முடியக் காயம் ஆறி மாறியது.

அவர்களுடைய சபை ஒரு தகரக் கொட்டில்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் பாயில் இருப்பார்கள். கர்த்தரிடம் நன்மை பெற்றவர்கள் ஆராதனை முடிகிற நேரம் எழும்பிச் சாட்சி சொல்ல வேண்டும். காயம் மாறின பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை விமலேஸ்வரி எழும்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, காலைத் திருப்பி, ஆறின தழும்பைக் காட்டினாள். மருந்து கட்டினதைச் சொல்லத்தான் வாய் எடுத்தாள். ஆனால் அதைச் சொன்னால் ஆண்டவருடைய பங்கு குறைந்துபோகும் போல அவளுக்குப் பட்டது. அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, "ஒரு மருந்தும் இல்லாமல் கர்த்தர் மாத்தினவர்" என்றாள்.

எல்லாரும் கை தட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். பாஸ்டர் நிஷாந்தனுடைய கண் கலங்கியது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தச் சத்தம் அவளுக்குள் இனித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்க நினைக்க உடம்பு கூசியது, பொய்யை விட அந்த இனிப்பை நினைத்துத்தான்.

அன்றைக்குப் பின்பாயில் கமலாட்சியும் இருந்தாள். பக்கத்து வளவுக்காரி. தோட்டக் கொட்டில் நிழலில் இருவரும் சேர்ந்துதான் கச்சான் உடைப்பார்கள். அவளுடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்தவர்கள். கமலாட்சி பிள்ளையார் கோயிலை விட்டவள் அல்ல. விமலாக்கா கூப்பிட்டதற்காக ஒரு நாள் வந்து பார்த்தாள், அவ்வளவுதான். அவளுக்கும் சீனி வருத்தம். கால் பெருவிரலில் அவளுக்கும் ஒரு காயம்.

மூன்று கிழமை கழித்து, கச்சான் குவியலுக்கு முன்னால் இருக்கும்போது விமலேஸ்வரிக்கு ஒரு நாற்றம் பட்டது. எலி ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்று சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். பிறகுதான் கமலாட்சியின் காலில் சுற்றியிருந்த சீலைத்துண்டைக் கண்டாள். எப்போது கடைசியாக மருந்து கட்டினது என்று கேட்டாள்.

"நான் இப்ப மருந்து கட்டப் போறதில்லை அக்கா. உங்களைப் போல செபந்தான். பிள்ளையார் கோவிக்க மாட்டார், அவருக்கும் ஒரு கால் மடிச்சபடிதானே" என்று சொல்லிக் கமலாட்சி சிரித்தாள்.

விமலேஸ்வரி கையிலிருந்த கச்சான் கோதைக் கீழே போட்டாள். ஒருக்கா டொக்டரிடமும் காட்டிப் பார்க்கச் சொன்னாள். சொல்லும்போது குரல் தனக்கே கேட்கவில்லை.

"ஏன், உங்கட சாமிக்கு டொக்டர் துணை வேணுமோ?" என்றாள் கமலாட்சி.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் முழங்காலில் இருந்தாள். ஆண்டவரே, கமலாட்சியை நீர் தொட்டுக் குணமாக்கும் என்று அன்றும் மறுநாளும் கெஞ்சினாள். மூன்றாம் நாள் காலையில் அதே செபத்தைத் தொடங்கினவளுக்கு நடுவில் வாய் நின்றுவிட்டது. தான் கேட்பது கமலாட்சியின் விரலுக்காக அல்ல என்று தெரிந்தது. அந்த விரல் மாறிவிட்டால் தன்னுடைய பொய் யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதற்காகத்தான் இரண்டு நாளாகப் பட்டினி கிடந்து அழுதிருக்கிறாள். முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அப்படியே கிடந்தாள். அவர் முன்னால் மூடி என்ன பிரயோசனம், எல்லாம் தெரிந்தவர். முகாமில் கையைப் பிடித்த அதே ஆண்டவர் இப்போதும் கையை விடவில்லை என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாக இருந்தது. அந்தப் பிடியில்தான் எழும்பினாள். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. அலுமாரியிலிருந்து ஆஸ்பத்திரியில் தந்த கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனாள்.

கமலாட்சி முற்றத்தில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தாள். விமலேஸ்வரி நின்றபடியே சொன்னாள்.

"நான் சபையில சொன்னது பொய். பன்னிரண்டு தரம் மருந்து கட்டினனான். இந்தா, திகதியெல்லாம் இதில கிடக்கு."

கமலாட்சி கொப்பியை வாங்கவில்லை. ஒரு கச்சானை உடைத்தாள். இன்னொன்றையும் உடைத்தாள்.

"அப்ப நான் மூண்டு கிழமையா உங்கட காலைத்தான் நினைச்சுக் கும்பிட்டிருக்கிறன்" என்றாள். பிறகு, "எழும்ப ஒரு கை தாங்கோ. பஸ் போகப் போகுது" என்றாள்.

இருவரும் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் அறையில் முன்பு அவளுக்குக் கட்டின அதே தாதிதான் இருந்தாள். விமலேஸ்வரியைக் கண்டதும் முகம் மலர்ந்து, காலைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள். "வடிவாக் காஞ்சிருக்கு அம்மா. நான் கட்டின கால் எல்லே" என்று பெருமையாகச் சொன்னாள். கமலாட்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விமலேஸ்வரிக்கு அந்தச் சீமெந்து நிலம் பிளந்து தன்னை உள்ளே எடுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. அந்தத் தாதிப் பிள்ளையின் கைவேலையையும் அல்லவா தான் களவெடுத்திருக்கிறாள்!

கமலாட்சியின் பெருவிரலை எடுக்க வேண்டி வந்தது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமலேஸ்வரி மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். இந்த முறை காலைக் காட்டவில்லை. மருந்து கட்டினதை, அதை மறைத்ததை, கமலாட்சியின் விரல் போனதை, தன் முகத்தைக் காப்பாற்றச் செபித்ததை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஒருவரும் கை தட்டவில்லை. தகரத்தில் காகம் நடக்கிற சத்தம் கேட்டது. முன்பாயில் இருந்த சிவலட்சுமி தன் சீலையை இழுத்து மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாஸ்டர் எழும்பி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்கட சாட்சியை நான் பூநகரிச் சபையிலயும் சொல்லிப்போட்டன் அக்கா. கேட்டு விசாரிக்காமல் சொன்னது என்ர பிழை. அங்கயும் சீனி வருத்தக்காரர் இருக்கினம்."

அன்று பின்னேரம் வார்ட்டுக்குப் போனபோது, சபையில் சொல்லியாயிற்றா என்று கமலாட்சி கேட்டாள்.

"ஓம்."

"என்ர விரலையும்?"

"ஓம், அதையும்."

மன்னித்துவிட்டதாகக் கமலாட்சி சொல்லவில்லை. விமலேஸ்வரி கொண்டுவந்த தேத்தண்ணிப் போத்தலை மட்டும் வாங்கிக்கொண்டாள். விமலேஸ்வரி அவளுடைய மற்றக் காலைத் துடைத்து, விரல்களுக்கிடையில் ஈரம் இல்லாமல் ஒற்றிவிட்டாள். கமலாட்சி காலை இழுக்கவில்லை.

பூநகரிக்குப் பஸ் அடிக்கடி கிடையாது. அடுத்த ஞாயிறு விடிந்தவுடனேயே விமலேஸ்வரி பாஸ்டரோடு வீதியில் போய் நின்றாள். அங்கே ஒருவரும் அவளை அறிய மாட்டார்கள். மருந்தில்லாமல் சுகமான மனுஷி வருகிறா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் தோள்பையைத் திறந்து பார்த்தாள். வேதாகமத்தோடு கிளினிக் கொப்பியும் இருந்தது. பஸ் வந்தது. ஏறினாள்.