நின்று நின்று போன ஆறு மைல்

பத்தொன்பது வருடம் பேருந்து ஓட்டிய ஒருவருக்குப் பேருந்தில் ஏறவே முடியவில்லை என்றால் அதை யார் நம்புவார்கள்? வட இங்கிலாந்தின் ஆக்ரிங்டனில் எங்கள் தெருமுனைக் கடையில் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போதுதான் பள்ளியை விட்டு வந்திருந்தேன். அவர் கேட்டது எங்கள் எதிர்வீட்டு க்ளெண்டா ஹவர்த்தைப் பற்றி.

க்ளெண்டாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. உயரமானவர், சத்தமாகப் பேசுகிறவர். ஓட்டுநர் சங்கத்துக்காக மேலாளர்களின் மேசையைத் தட்டி நியாயம் கேட்டவர். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முப்பது பேரோடு வந்த வண்டியைச் சந்தை நிறுத்தத்தில் நிறுத்தினார். பிறகு அதை எடுக்கவில்லை. விபத்து எதுவும் இல்லை, யாரும் அவரைத் திட்டவும் இல்லை. திடீரென்று மூச்சு முட்டியது. கதவுகள் மூடியிருக்கின்றன என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்களை இன்னொருவர்தான் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து பேருந்து முடியாது, ரயில் முடியாது. கடைக்குப் போகக்கூடத் துணை வேண்டும். அவரால் ஏற முடிந்த ஒரே வண்டி வாஜித் கியானியின் டாக்ஸி. வாஜித் முன்பு க்ளெண்டாவின் டிப்போவிலேயே பேருந்து ஓட்டியவர். க்ளெண்டா "நிறுத்து" என்றால் உடனே நிறுத்துவார். அவர் இறங்கி நின்று மூச்சு வாங்குகிறவரை ஏன், எதற்கு என்று கேட்கமாட்டார்.

க்ளெண்டாவின் தங்கை நோரீன் பக்கவாதம் வந்து கிளிதரோவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். பதினான்கு மாதங்களாக அக்கா தங்கையைப் பார்க்கவில்லை.

"நான் சும்மா கூட்டிட்டுப் போறேன் பாஸ். இதுல என்ன இருக்கு?" என்றார் வாஜித்.

"உனக்கு மூணு புள்ளைங்க. வாராவாரம் அரை நாள் எனக்காக ரோட்டோரம் நின்னா அதுங்களுக்கு யாரு சோறு போடுவா? எனக்கு வரவேண்டியத நான் கேட்டு வாங்கறேன். அப்புறம் கூட்டிட்டுப் போ."

நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கான உதவித்தொகைக்கு இப்படித்தான் அவர் விண்ணப்பித்தார். அது கிடைத்தால் வாஜித்துக்குக் கூலி கொடுத்து நோரீனைப் பார்க்கலாம். இல்லையென்றால் இல்லை.

மதிப்பீடு தொலைபேசியில் நடந்தது. மதிப்பீட்டாளராக ஒரு பெண் பேசினார்.

"எப்படி இருக்கீங்க, க்ளெண்டா?"

"நல்லாருக்கேன் கண்ணு. ஓடிட்டிருக்கு."

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. க்ளெண்டாவின் அப்பா செங்கல் சூளையில் கால் நசுங்கிக் கிடந்தபோதும் இதையேதான் சொன்னாராம்.

"பஸ்ல ஏற முடியலன்னு எழுதியிருக்கீங்களே?"

"ஊரையே இத்தன வருஷம் ஏத்தி இறக்கியாச்சு. என் பங்கு தீர்ந்துபோச்சு போல!" என்று சொல்லிப் பெரிதாகச் சிரித்தார். கிளிதரோவுக்கு எப்படிப் போவது என்று கேட்டதற்கு எந்த எண் பேருந்து, எங்கே மாற வேண்டும், எந்த நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்க இடமில்லை என்பதுவரை சொன்னார். பேசி முடிக்கும்வரை ஒரு கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. தொலைபேசியில் அது எப்படித் தெரியும்?

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. 'உற்சாகமாகப் பேசினார். நகைச்சுவை உணர்வு இருந்தது. பதற்றம் தென்படவில்லை. பயணத்தைத் தானே திட்டமிடுகிறார்.' மதிப்பெண் பூஜ்யம், அதனால் தொகை கிடையாது. மறுபடி பரிசீலிக்கச் சொன்னார். மறுபடியும் பூஜ்யம்.

அடுத்தது பர்ன்லியில் மேல்முறையீட்டு விசாரணை. அதையும் தொலைபேசியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இப்படி மேல்முறையீடு செய்கிறவர்களுக்கு வழிசொல்லும் ஆலோசனை மையத்தில் இருந்தவரும் அதையே சொன்னார்.

"நேர்ல போகாதீங்க. பர்ன்லி வரைக்கும் வந்துட்டீங்களே, அப்புறம் என்ன கஷ்டம்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். எப்படி வந்தேன்னும் கேக்கட்டும். போன்ல பேசித்தான ஒரு தடவ தோத்தேன்? இந்தத் தடவ என் மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொல்லட்டும். வெளிய போக முடியாதுன்னு காட்டறதுக்காக நான் வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கணுமா?"

விசாரணை மதியம் இரண்டு மணிக்கு. பர்ன்லி ஆறு மைல்தான், இருபது நிமிடப் பயணம். வாஜித் பத்தரைக்கே வந்து நின்றார்.

"என்னடா, ஸ்காட்லாந்துக்கா போறோம்?"

"உங்களோட போறது அப்படித்தான் பாஸ்."

வாஜித்தின் மடியில் ஒரு அட்டை, அதில் செருகிய தாள், காதில் பேனா. டிப்போ ஓட்டுநர்கள் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வந்தோம், ஏன் தாமதம் என்று எழுதிக்கொண்டே போவார்கள். வேலையை விட்டும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

"இப்ப யாருடா உன்ன லேட்டுன்னு கேக்கப்போறா?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குது பாஸ்."

வழியில் ஹன்கோட்டில் முதல் தடவை நின்றார்கள். பிறகு ஒரு மைலுக்குள் மூன்று தடவை. ஹப்டனில் க்ளெண்டா வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். ரோஸ் குரோவ் சிக்னல் அருகே வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துவிட்டார். வாஜித் எட்டி அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டார். கடைசி அரை மைலை இருவரும் நடந்தே கடந்தார்கள். அதற்குள் மணி ஒன்றே முக்கால்.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: நடுவில் பெண் நீதிபதி, ஒரு பக்கம் மருத்துவர், மறுபக்கம் சக்கர நாற்காலியில் ஓர் உறுப்பினர்.

"வாங்க மிஸஸ் ஹவர்த். வழியெல்லாம் நல்லபடியா இருந்துச்சா?" என்றார் நீதிபதி.

"நல்லா இருந்துச்சுங்க. ரொம்ப நன்றி."

பின்னால் இருந்த வாஜித் துள்ளி எழுந்தார். "நல்லா இருந்துச்சா? பாஸ்! ஹப்டன்காரங்ககிட்டப் போய்க் கேளுங்க, நல்லா இருந்துச்சான்னு!"

"ஐயா, உங்க முறை வரும்."

"என் முறைல இதத்தாங்க குடுக்கப்போறேன். இப்பவே வாங்கிக்குங்க." தாளை மேசையில் வைத்தார்.

நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "'10.52, ஹன்கோட். இறங்கினார். ஒன்பது நிமிடம். 11.40, ஹப்டன். வாந்தி. திரும்பிவிடலாமா என்று கேட்டேன். வாயை மூடு என்றார்.'"

மருத்துவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். தாளில் பதினொரு நிறுத்தங்கள் இருந்தன. நீதிபதி ஒன்றைக்கூட விடாமல் வாசித்து முடித்தார். க்ளெண்டாவின் முகம் சிவந்திருந்தது.

"இப்ப நான் நல்லா இருந்துச்சுன்னு சொன்னேனே, அது பொய்," என்றார். "யாரு கேட்டாலும் எங்க ஊர்ல அதத்தான் சொல்வோம். போன்ல பேசின பொண்ணும் இந்தப் பக்கத்துப் பேச்சுதான் பேசினா. அவளுக்கும் அது தெரியும். தெரிஞ்சும் எழுதிக்கிட்டா. நான் சிரிச்சேனாம். ஆமா, சிரிப்பேன். பயம் வந்தா இன்னும் ஜாஸ்தியா சிரிப்பேன். அழுது காட்டினாத்தான் தருவீங்கன்னா நீங்களே வெச்சுக்குங்க. நான் அழமாட்டேன்."

மருத்துவர் கேட்டார், "கிளிதரோவுக்கு ஒரு நிறுத்தம் விடாம வழி சொல்லியிருக்கீங்களே?"

"லண்டன் வரைக்கும் கேளுங்க, சொல்றேன். வழி தெரிஞ்சா ஏறிட முடியுமா? போன ஜூன்ல தனியாப் போய்ப் பாத்தேன். பஸ் வந்துச்சு. ஓட்டறவன் தெரிஞ்சவன்தான், ஏறு க்ளெண்டான்னு கூப்பிட்டான். நாலு பஸ் போச்சு. நின்ன எடத்துலயே நின்னேன். அப்புறம் வீட்டுக்குத் திரும்பவும் கால் வரல. தபால்காரர்தான் கையப் பிடிச்சுக் கொண்டுவந்து விட்டாரு."

"துணை இருந்தா?" என்றார் சக்கர நாற்காலியில் இருந்தவர்.

"நிறுத்துன்னா நிறுத்தற துணையா இருந்தாப் போவேன். இன்னிக்கு வந்தேன்ல?"

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். க்ளெண்டா வாசல் கதவைத் திறந்துவைத்து அதன் பக்கத்திலேயே நின்றார். இருபது நிமிடம் கழித்து அழைப்பு வந்தது. தெரிந்த வழியில்கூட இவரால் துணையில்லாமல் போக முடியாது என்று மூவரும் முடிவு செய்திருந்தார்கள். உதவித்தொகை முழுதாக உண்டு, மூன்று வருடத்துக்கு.

"மூணு வருஷம் கழிச்சு மறுபடி கேப்பாங்க," என்றார் நீதிபதி, கொஞ்சம் தயங்கி.

"கேக்கட்டும். அப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்வேன்."

வண்டியருகே வந்ததும் வாஜித் கேட்டார், "வீட்டுக்குத்தான பாஸ்?"

"கிளிதரோ."

"இப்பவா? போய்ச் சேர்றதுக்குள்ள ராத்திரிச் சாப்பாடே முடிஞ்சிடும்."

"நோரீன் எங்கயும் ஓடிப்போக மாட்டா. எடு வண்டிய."

பாடிஹம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னார். நிறுத்தி நிறுத்திப் போனார்கள். ஆறு மணிக்கு நோரீனின் அறைக் கதவைத் தட்டினார்கள்.

பூஜ்யம் என்று எழுதிய கடிதத்தை இழுப்பறையில் போட்டுவிட்டு, கேட்கிறவர்களிடம் நல்லாருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு, அதனால் சீக்கிரம் சொல்லுங்கள்.