அந்தக் கால்வாய்ப் படகோட்டி

கனடாவின் மொன்றியல் நகரத்து லஷீன் கால்வாயில் சுற்றிக்காட்டும் நீளப்படகு அது. ஓட்டியவர் நம்மவர் என்பது, அவர் என்னையும் மகளையும் பார்த்து "மெல்ல ஏறுங்கோ அக்கா" என்றபோதுதான் தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த கழுத்து. பின்னால் நின்று ஒரு கையால் சுக்கானைப் பிடித்திருந்தார். பேசும்போதெல்லாம் மறு கையால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பார்; எதிரிலிருப்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார்.

படகு திரும்பும் இடத்தில், அம்மாவின் சாம்பல் இருந்த டப்பாவைப் பையிலிருந்து எடுத்துத் தண்ணீரில் கொட்டத் தொடங்கினேன். பாதி போயிருக்கும்.

"என்னக்கா அது?"

"அம்மாவின்ர சாம்பல், தம்பி. ஓடுற தண்ணியில கரைக்க வேணுமெண்டு..."

கண்ணாடியைத் துடைத்தார். "இது எங்க ஓடுது? குளிருக்கு முன்னம் கால்வாய்த் தண்ணியை வடிச்சுவிடுவாங்கள். அடியில பழைய சைக்கிளும் டயரும் கிடக்கும். உங்கட அம்மாவும் அந்தச் சேத்திலதான்."

மீதியை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் மற்றப் பயணிகளிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த மொழி தெரியாது. இங்கேயே பிறந்த என் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"அவர் என்ன சொன்னவர், பிள்ளை?"

"ஒண்டுமில்லை அம்மா."

இறங்கும்போது அவரே என் கையைப் பிடித்துப் பக்குவமாகக் கரையில் விட்டார். அவர் என்ன சொன்னார் என்று மகளிடம் இன்றுவரை நான் மறுபடி கேட்கவில்லை.